அரைப்பதத் தோல்

ஆம்பூர் பக்கம் ஒரு காலத்தில் தோலை அரைகுறையாகப் பதனிட்டே கப்பலேற்றினார்கள். கடைசி மெருகும் லாபமும் வெளிநாட்டுக்கு. 1970-களில் அரசு கடிவாளம் போட, ஷூ வரை இங்கேயே தைக்க ஆரம்பித்தோம்.

டாக்டர்களை மட்டும் இன்னும் அரைப்பதத்தில்தான் அனுப்புகிறோம். சந்தேகமிருந்தால் ஆபிரகாம் வர்கீஸின் 'கட்டிங் ஃபார் ஸ்டோன்' (2009) நாவலைப் படியுங்கள். வர்கீஸ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, டென்னஸியில் ரெசிடென்ஸி செய்தவர். நாவலில் பிராங்க்ஸின் ஏழை ஆஸ்பத்திரியில் ராப்பகலாக மாரடிக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். பாஸ்டனின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஹெலிகாப்டர் வருகிறது; நோயாளியைக் காப்பாற்ற அல்ல, மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை எடுத்துப்போக! அமெரிக்க மருத்துவத்தின் சாதி அடுக்கை இந்த ஒரே காட்சி சொல்லிவிடுகிறது.

குறை? இரட்டையர், தற்செயல் சந்திப்புகள் எல்லாம் எம்.ஜி.ஆர். படத்துக்கே கொஞ்சம் ஜாஸ்தி. கதாநாயகன் ஊர் திரும்புகிறான். எழுதியவர் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர். அந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்னொரு அத்தியாயம் எழுதியிருக்கலாம்.

1899-ல் கார்னெல் பட்டத்தோடு எதிர்த்திசையில் கிளம்பி, வேலூரில் வைத்தியம் பார்க்க வந்தார் ஐடா ஸ்கடர். சி.எம்.சி. அப்படிப் பிறந்ததுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை யு.எஸ்.எம்.எல்.இ.க்குப் படிக்கிறதா? போகட்டும், தடுக்காதீர்கள். பெட்டியில் இந்த நாவலையும் வையுங்கள்.