பாடிகாவலும் குற்றப்பரம்பரையும்: புதுக்கோட்டை நீதி வரலாற்றெழுத்து குறித்த திறனாய்வு

முன்னுரை

தமிழகக் குற்றவியல் நீதி வரலாறு பெரும்பாலும் ஆங்கிலேயர் காலச் சட்டம், காவல்துறை, சிறை ஆகியவற்றிலிருந்தே தொடங்கப்படுகின்றது. அதற்கு முற்பட்ட காவல் முறைக்குச் சான்றுகள் மிகுந்த புதுக்கோட்டைப் பகுதி, இத்தொடக்கத்தை ஐயுறச் செய்கின்றது. இப்பகுதியை ஆராய்ந்த நிக்கோலஸ் டர்க்சின் ‘தி ஹாலோ கிரவுன்’ (1987) நூலை முன்வைத்து, நீதி வரலாற்றை எழுதும் முறையையும் அதை மக்களிடம் சேர்க்கும் முறையையும் இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

கல்வெட்டில் காவல்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் பாடிகாவல் ஆவணங்கள் பல உள்ளன. ஊரைக் காக்கும் பொறுப்பைத் தலைவர்களிடம் ஒப்படைத்த ஊரார், விளைச்சலில் பங்கும் உரிமைகளும் அவர்களுக்கு வழங்கினர். அறந்தாங்கித் தொண்டைமான்கள் முதலியோரின் செல்வாக்கில் இவ்வுரிமைக்குப் பெரும் பங்குண்டு. காவலைக் குற்றத் தடுப்பு உத்தியாக மட்டும் கருதாது, அரசதிகாரத்தின் வேர்களுள் ஒன்றாகக் கண்டது டர்க்சின் சிறப்பு.

எல்லைக்கோட்டின் இருபுறம்

இக்காவல் முறை பின்னர்க் குற்றமாகத் திரிந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மதுரைப் பகுதியில் பிறமலைக் கள்ளர்கள் கைரேகைப் பதிவுக்கு உட்படுத்தப்பட்டனர்; அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாயினர். அதே காலத்தில் கள்ளர் மரபினரான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் புதுக்கோட்டையின் அரசராக இருந்தார். இவ்விரு பிரிவினரும் வரலாற்றில் வேறானவர்கள் என்பது உண்மையே. எனினும், ‘கள்ளர்’ என்னும் பெயர் ஓர் ஆட்சியெல்லைக்குள் மணிமுடிக்கும் மற்றொன்றில் குற்றப் பதிவேட்டிற்கும் உரியதாயிற்று. குற்றத்தன்மை குலத்தில் பிறப்பதன்று, ஆட்சியாளரால் சுமத்தப்படுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நூலின் குறை

டர்க்சின் பார்வை அரசரையும் அவரைச் சூழ்ந்த தலைவர்களையும் மையமாகக் கொண்டது. காவலுக்குப் பங்கு செலுத்திய உழவரும், நிலமற்ற தொழிலாளரும் அதில் பின்தள்ளப்படுகின்றனர். காவல் யாருக்குப் பாதுகாப்பு, யாருக்குச் சுமை என்ற வினா முழுமை பெறவில்லை. இக்குறை ஆய்வுலகத்தோடு நின்றுவிடுவதில்லை. இன்று அதே கல்வெட்டுகள் சாதிப் பெருமிதத்திற்குச் சான்றாக எடுத்தாளப்படும்போது, பங்கு கொடுத்தவரின் வரலாறு மீண்டும் மறைகின்றது. குற்றப்பட்டத்தை மறுக்கும் எழுத்து, ஆதிக்கத்தைப் போற்றும் எழுத்தாக மாறிவிடலாகாது.

மக்களிடம் சேர்த்தல்

ஆங்கில நூல் நூலகத்திலும், கல்வெட்டு வாசகம் தொகுதியிலும் தங்கிவிட, மூலமோ ஊர்க்கோயில் சுவரில் நிற்கின்றது. அச்சுவரின் முன்னேயே ஊரார் கூடிக் கேட்க வாசகத்தைப் படித்து, ‘பாடிகாவல்’, ‘அரசு’ போன்ற சொற்களை விளக்குவதே பகிர்வின் முதற்படி. கொடுத்தவர், பெற்றவர், பேசப்படாதவர் ஆகிய மூவரையும் அங்கே எண்ண வேண்டும். அதனருகே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழாக்கமும் வாசிக்கப்படுதல் தகும். 1910இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அருங்காட்சியகம் இதற்கு உகந்த களமாகும்.

முடிவுரை

1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடு முழுவதும் அச்சட்டம் நீக்கப்பட்டது; ஆயினும் பட்டம் நீங்கியதால் மட்டும் வரலாறு நேராகிவிடாது. காத்தவரையும், குற்றம் சாட்டப்பட்டவரையும், காவலின் செலவைச் சுமந்தவரையும் ஒருங்கே காட்டும்போதே புதுக்கோட்டையின் நீதி வரலாறு அம்மக்கள் அனைவருக்கும் உரியதாகும்.