சலுகையா, உரிமையா?

பேறுகால விடுப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 'சலுகை' என்ற சொல்லும் தவறாமல் உடன் வந்துவிடுகிறது. நாளேடுகள் அவ்வாறே எழுதுகின்றன. விடுப்புப் பெறும் பெண்களுங்கூட அவ்வாறே சொல்லிப் பழகிவிட்டனர். சலுகை என்பது கொடுப்பவரின் தயவைச் சுட்டும் சொல். அவர் விரும்பினால் தருவார், விரும்பாவிடில் குறைப்பார். மகவைப் பெற்றெடுக்கும் பெண்ணுக்கு ஊதியத்தோடு ஓய்வும் மருத்துவமும் கிடைப்பது தயவா, அவளுக்கு உரியதா? இவ்வினாவை உரைகல்லாகக் கொண்டு நம் அரசுகளின் சட்டங்களையும் திட்டங்களையும் சற்றே உரசிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் ஒரு வழக்கைக் காண்போம். கோயம்புத்தூர் மாவட்டத்துத் தோட்டமொன்றில் கூலி வேலை செய்த ஒரு பெண் பிள்ளை பெற்றாள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டப்படி அன்று அவளுக்கு உரியது பன்னிரண்டு வார ஊதியம். தோட்ட நிருவாகமோ வாரத்துக்கு ஆறு நாள் எனக் கணக்கிட்டு, 72 நாள்களுக்கு மட்டுமே பணம் தந்தது. ஞாயிறு கூலியில்லாத நாள் என்பது அதன் வாதம். 84 நாள்களுக்கும் ஊதியம் வேண்டுமென்று அவள் கேட்டாள். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிய இச்சிறு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஞாயிறும் கணக்கில் சேரும் என்று 1977இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. தாய் தன் உடலைத் தேற்றிக்கொள்ளவும், குழந்தைக்குப் பாலூட்டவும், இழந்த வலிமையை மீண்டும் பெறவுமே சட்டம் இயற்றப்பட்டது. அந்நோக்கத்துக்கு ஏற்பவே அதற்குப் பொருள் கொள்ளவேண்டும் என்றது. ஞாயிறன்று தாயின் உடலுக்குப் பசியில்லையா, பிள்ளைக்குப் பால் வேண்டாமா? எளிய உண்மைதான். ஆயினும் அதை நிலைநாட்ட ஒரு கூலிப்பெண்ணின் வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இத்தகைய கணக்கு பிறப்பது எங்கே? பேறுகால ஊதியத்தின் முழுச்சுமையையும் தனியொரு முதலாளியின் தோளில் ஏற்றியதில்தான் என்பது நம் கருத்து. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதா விவாதிக்கப்பட்டபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். மக்களின் நலனைப் பேணுவது முதற்கண் அரசின் கடமையாதலால், இச்சுமையில் பெரும்பகுதியை அரசே தாங்கவேண்டும் என்றார். 1929இல் பம்பாயில் சட்டம் வந்தது. 1961இல் நாடு முழுமைக்கும் வந்தது. ஆனால் அவர் சொன்ன அந்தப் பங்கீடு வரவில்லை.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்குரிய விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. ஐம்பதோ அதற்கு மேலோ பணியாளர் உள்ள இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை இடம்பெற்றுள்ளன. இவற்றை மனமாரப் பாராட்டுகிறோம். எனினும், வாரங்களைக் கூட்டிய அரசு செலவில் பங்கேற்கவில்லை. விளைவு என்ன? வேலை கேட்டு வரும் இளம்பெண்ணிடம் 'திருமணம் எப்போது?' என்னும் கேள்வி எழுகிறது. சட்டம் அளித்த பாதுகாப்பே அவளை வாயிலில் நிறுத்தும் தடையாகிவிடுகிறது.

இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே உண்டு. 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவான தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், அதில் சேர்ந்த முதலாளிகளும் தொழிலாளரும் செலுத்தும் பொது நிதியிலிருந்து பேறுகால ஊதியம் வழங்கப்படுகிறது, மருத்துவமும் கிடைக்கிறது. ஆணை வேலைக்கு வைத்தாலும் பெண்ணை வைத்தாலும் முதலாளி கட்டும் விகிதம் ஒன்றே. ஆகவே பெண்ணை ஒதுக்குவதால் அவருக்கு ஆதாயமில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டில் ஏற்ற மகப்பேறு உடன்படிக்கையும், நேரடிச் செலவைத் தனி முதலாளிமீது சுமத்தலாகாது என்பதையே பொதுவிதியாகக் கூறுகிறது. நம் நாடு அதில் இன்னும் ஒப்பமிடவில்லை.

இனி, சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவர்களைக் காண்போம். பத்துப் பேருக்குக் குறைவானோர் பணியாற்றும் கடையிலுள்ள பெண், நாற்று நடுபவள், வீட்டுவேலை செய்பவள் ஆகியோருக்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பு எட்டாக்கனியே. அவர்களுக்குத் தமிழக அரசு முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் மகப்பேறு நிதியுதவி வழங்குகிறது. 2006இல் 6,000 ரூபாயாக இருந்த இத்தொகை, 2011இல் 12,000 ஆகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ஆகவும் உயர்ந்தது. கருவுற்றதைப் பதிவுசெய்தல், பரிசோதனை, தடுப்பூசி ஆகியவற்றோடு தவணைகளை இணைத்ததால், ஏழைத் தாய்மாரை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்து வரும் நற்பணியையும் இத்திட்டம் செய்தது. ஆயினும் இதன் பெயரிலேயே 'உதவி' இருக்கிறது. இரண்டு பேறுகளோடு அது நின்றுவிடுகிறது. மூன்றாம் முறை கருவுற்றவளின் குருதி மட்டும் குறையாதா?

நடுவண் அரசின் கணக்கோ இன்னும் இறுக்கமானது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பணியிலுள்ளோர் நீங்கலாக, கருவுற்ற பெண்களுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தருவதாக வாக்களித்தது. 2017இல் வந்த திட்டமோ முதற் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்றது. 2022 முதல், இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் அதற்கும் உதவி உண்டு. நாடாளுமன்றம் உரிமையென எழுதியதை நிருவாகம் சலுகையாகச் சுருக்கிக்கொண்டது.

தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத விடுப்பு; ஆலைப் பெண்ணுக்கு 26 வாரம்; வயலில் உழைப்பவளுக்கோ இடுப்பு நிமிர்ந்தவுடன் வேலை. மூவரும் ஒரே தெருவில் வாழக்கூடும். மூவரின் உடலும் ஒன்றே. வேறுபடுவது, அவர்களது உழைப்பை அரசு எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது என்பது மட்டுமே.

நீதிமன்றங்கள் இவ்விடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகின்றன. தினக்கூலிப் பெண்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று 2000இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்றாம் குழந்தை என்று காரணங்காட்டி விடுப்பு மறுக்கப்பட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 மே மாதத்தில் அதே மன்றம், பேறுகால விடுப்பைப் பெண்ணின் உரிமைகளோடு பிரிக்கவியலாதபடி இணைத்துப் பேசியது. சலுகை என்னும் சொல் அத்தீர்ப்பில் தன் மதிப்பை இழந்தது.

அரசைக் குறைகூறுவதோடு நம் கடமை முடிந்ததெனக் கொள்ளலாகாது. திருச்சபையின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெண்கள் பலருக்கு வேலை தருவன. தாய்மையைத் துறப்பதைப் பெண் தன் முன்னேற்றத்துக்கு விலையாகக் கொடுக்க நேரலாகாது. உழைப்பின் அமைப்பே அதற்கேற்ப மாறவேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தினார். நம் பங்கிலுள்ள பள்ளியில் தற்காலிகமாகப் பணிபுரியும் ஆசிரியைக்கும், நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும் பேறுகாலத்தில் என்ன கிடைக்கிறது? அதை வழங்கும்போது நாம் எந்தச் சொல்லால் குறிக்கிறோம்? அவள் நம்மிடம் வந்து தயங்கி நிற்கிறாளா, உரிமையோடு கேட்கிறாளா? நாம் இன்னும் எவ்வளவு தொலைவு நடக்க வேண்டும் என்பதை அவளுடைய அந்தத் தயக்கமே நமக்குச் சொல்லிவிடும்.