பாதி ஹதீஸும் கைப்பேசித் திரையும்

ஸஹீஹ் முஸ்லிம் பாடம் முடிந்தபின் மாணவரொருவர் ஒரு காணொளியைக் காட்டினார். ஒரு நிமிடத்திற்கும் குறைவானது. பெண், கழுதை, நாய் ஆகியவை குறுக்கே சென்றால் தொழுகை முறியும் என்ற அறிவிப்பைப் பேச்சாளர் ஓதுகிறார். அத்துடன் காட்சி முடிகிறது. கீழே, 'பெண்ணின் இடம் இதுதான்' என்ற வாசகம். அதே துண்டை இஸ்லாத்தை இழித்துரைப்போர் வேறு தலைப்பிட்டுப் பரப்புவதையும் அவர் காட்டினார். இரு தரப்பாருக்கும் அது போதுமாயிருக்கிறது!

அறிவிப்பு முஸ்லிமில் உள்ளதே, அதில் ஐயமில்லை. ஆயினும் இச்செய்தி தம் முன் எடுத்துரைக்கப்பட்டபோது அன்னை ஆயிஷா (ரளி) அவர்கள், பெண்களை அவ்விலங்குகளோடு இணைத்ததைக் கடிந்துகொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில், அவர்களுக்கும் கிப்லாவுக்குமிடையே தாம் கட்டிலில் படுத்திருந்ததைச் சான்றாக வைத்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. இமாம்கள் அபூஹனீபா, மாலிக், ஷாஃபிஈ ஆகியோரிடம் இவற்றால் தொழுகை முறியாது. 'முறித்தல்' என்பதற்கு உள்ளச்சம் குறைதல் என்றே பொருளுரைத்தனர். நபித்தோழர்களின் அறிவிப்புகளில் அன்னையார் செய்த திருத்தங்களை மட்டுமே திரட்டி இமாம் ஸர்கஷீ (மறைவு ஹி. 794) 'அல்இஜாபா' என்னும் தனி நூலே யாத்தார். ஒரு பெண்ணின் மறுப்பைப் போற்றிக் காத்த மரபு நம்முடையது. துண்டுக் காணொளியில் முதலில் வெட்டுண்டு போவது அம்மறுப்புதான்.

வெட்டியவர் யார்? பெயரில்லை. வாட்ஸ்அப்பில் ஐந்து உரையாடல்களையேனும் கடந்துவந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி இடப்படுகிறது. அக்கைகள் எவருடையவை என்பதை அது கூறாது. ஒரேயொரு அறிவிப்பாளர் பெயர் தெரியாதவராயினும் 'மஜ்ஹூல்' என நிறுத்திவைத்தவர்கள் நம் முஹத்திஸ்கள். இங்கோ தொடர் முழுவதுமே மஜ்ஹூல்.

பரப்பும் பொறிக்கும் இதில் பங்குண்டு. இளைஞர்களைப் போன்று அமைத்த டிக்டாக் கணக்குகளைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பரிந்துரைக்கப்பட்ட காணொளிகளில் பெண்வெறுப்புடையவை ஐந்தே நாள்களில் 13 விழுக்காட்டிலிருந்து 56 ஆயின. டிக்டாக் 2020இலேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. எனினும் பார்ப்பவர் எதில் நிலைக்கிறாரோ அதையே மேலும் ஊட்டும் முறை ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் தொடர்கிறது.

மூல உரையைத் தேடும்படி மாணவரிடம் கூறினேன். மறுவாரம் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயான் அது. அன்னையாரின் மறுப்பைப் பேச்சாளர் விரிவாகவே சொல்லியிருந்தார். முழு உரையையும் அதே குழுவுக்கு அனுப்பினாராம். ஒருவரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்றார்.