கோதாவில் ஒரு சொந்தக் கட்சிக்காரர்

சடுகுடு ஆடுவோர் கட்சி பிரித்து நடுக்கோட்டின் இருபுறமும் நிற்கும்போது, பாடிச் செல்பவன் எதிராளியின் மண்ணில் கால் வைத்து, பிடித்த மூச்சை விடாமல் ஒருவனைத் தொட்டுவிட்டுத் தன் கோட்டுக்கு மீள வேண்டும் என்பது விதி. தன் கட்சியின் மண்ணில் நின்றுகொண்டே, தன் கட்சியின் தலைசிறந்த ஆட்டக்காரரைத் தொட்டு வெளியேற்றுவது அந்த ஆட்டத்தில் இல்லை. பார்லிமெண்டில் உண்டு. 1957-ஆம் வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி லோக்சபையில், ரேபரேலித் தொகுதியின் காங்கிரஸ் அங்கத்தினரான பெரோஸ் காந்தி, காங்கிரஸ் சர்க்காரின் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரியை எதிர்த்து நிகழ்த்திய ஆட்டம் அத்தகையது. அந்தச் சர்க்காரின் தலைவரோ பெரோஸின் மாமனாரான ஜவஹர்லால் நேரு.

எதிராளியின் பலத்தை அளக்காமல் ஒரு வெற்றியை அளக்க முடியாது. சென்னையின் பிரதிநிதியாகச் சபைக்கு வந்த டி.டி.கே., அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். அதே 1957-இல் செல்வ வரியையும் செலவு வரியையும் புகுத்திய பட்ஜெட்டைத் தாங்கி நின்றவர். கணக்கிலும் வாக்கிலும் கூர்மை மிகுந்தவர் என்று நண்பரும் பகைவரும் ஒருசேர ஒப்புக்கொண்டவர். இவருக்கு எதிரே எழுந்து நின்றவரோ, 1952-இல் சபைக்குள் வந்தபின் முதல் சில வருஷங்கள் பெரும்பாலும் வாய் திறவாமலே உட்கார்ந்திருந்தவர். அந்த மௌனத்தைச் சோம்பல் என்று எண்ணியவர்கள், 1955 டிசம்பரில் அவர் தொழிலதிபர் டால்மியாவின் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பணம் போன வழியைப் பக்கம் பக்கமாக எடுத்துரைத்தபோது, அது பயிற்சிக் காலம் என்பதை உணர்ந்திருப்பார்கள்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் மேற்கொள்வதற்கு வலுச்சேர்த்த பிரசங்கங்களுள் அதுவும் ஒன்று. 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி, 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. பிறந்து ஒரு வருஷம் நிறைவதற்குள், 1957 ஜூன் மாதத்தின் பிற்பகுதியில், அந்த ஸ்தாபனம் கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளுடைய பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு, தன் முதலீட்டுக் கமிட்டியை முன்கூட்டிக் கலந்துகொள்ளாமலே வாங்கிற்று. சிறுகச் சிறுகப் பிரீமியம் கட்டிய குமாஸ்தாவும் வாத்தியாரும், தாம் கண்மூடிய பிறகு மனைவி மக்கள் கஞ்சி குடிப்பதற்கென்று ஒதுக்கிவைத்த பணம் அது. இதை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பெரோஸுக்கும் கனத்திருக்க வேண்டும், ஏனெனில் தாம் கைகொடுத்துப் பெற்றெடுத்த குழந்தைக்கு நேர்ந்த தீங்காகவே அவர் அதைப் பேசினார்.

ஆட்டத்தின் முதற்கட்டம் கேள்வி நேரத்தில் நடந்தது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்பது முன்னதாகவே எழுத்தில் கொடுக்கப்பட்டது. சபாநாயகர் பெயர் சொல்லி அழைத்ததும் அங்கத்தினர் எழுந்து கேள்வியின் எண்ணை மட்டும் கூறுகிறார். இலாகா அதிகாரிகள் வரி வரியாகச் செதுக்கிக் கொடுத்த விடையை மந்திரி வாசிக்கிறார். அதுவரையில் மந்திரிக்கு ஆபத்தில்லை. அதன்பின் எழும் துணைக் கேள்விதான் ஆபத்து. அதற்கு ஏட்டில் விடை இல்லை, மந்திரியின் தலையில் இருக்க வேண்டும். முந்த்ரா விஷயத்தில் முதன்முதல் கேள்வி எழுப்பியவர் ராம் சுபக் சிங் என்ற மற்றொரு காங்கிரஸ் அங்கத்தினர். பிற்காலத்துக் கதைகளில் அவர் பெயர் மங்கிப்போனது நியாயமன்று. அந்த வருஷம் செப்டம்பரில் அவருக்குக் கிடைத்தது பிடிகொடுக்காத விடை. நவம்பர் 29-ஆம் தேதி விஷயம் மறுபடி வந்தபோது பெரோஸ் துணைக் கேள்விகளோடு நுழைந்தார்.

ஆட்ட நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. ஆத்திரக்காரராக இருந்தால் அன்றைக்கே குற்றச்சாட்டை வீசி, மந்திரியின் மறுப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரோஸோ, மந்திரி தரப்பு கூறிய ஒவ்வொரு விடையையும் சபைக் குறிப்பில் பதியவிட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் பொறுத்திருந்தார். மல்யுத்தத்தில் தேர்ந்தவன் எதிராளியைத் தள்ளுவதில்லை. அவன் முன்னே சாயும் கணத்துக்குக் காத்திருந்து, அவன் எடையைக் கொண்டே அவனைக் கவிழ்ப்பான். மந்திரியின் எடை அவருடைய வாக்கு.

டிசம்பர் 16-இல் எழுந்தவுடன், தாம் அடித்தால் பலமாகவே அடிப்பவர், அதைவிடப் பலமான அடியைத் திரும்ப எதிர்பார்ப்பவர் என்று அறிவித்தார்; எதிர்த்தரப்பிலும் டி.என்.டி. வெடிமருந்து நிறைய உண்டு என்பதைத் தாம் அறிவதாகவும் சொன்னார். டி.டி.கே. என்ற மூன்றெழுத்தோடு அந்த மூன்றெழுத்து உரசியதைச் சபை உடனே புரிந்துகொண்டது. கோதாவில் இறங்குமுன் தொடை தட்டுவது போன்றது அது. ஆனால் தட்டியது அவ்வளவே. அடுத்து வந்தவையெல்லாம் தேதிகளும் விலைகளும். கார்ப்பரேஷன் வாங்குவதற்குச் சில தினங்களுக்கு முன் பங்கு விற்ற விலை, வாங்கிய நாளில் ஏறி நின்ற விலை, கார்ப்பரேஷன் கொடுத்த விலை என்று அவர் அடுக்க அடுக்க, ஆரவாரமான ஒரு சொல்லுக்கும் தேவையில்லாமல் போயிற்று. பங்கு மார்க்கெட்டுக்குத் தெரிந்தது பார்லிமெண்டுக்கு ஏன் தெரியலாகாது என்ற வினா, அவர் கேட்காமலே கேட்பவர் மனத்தில் எழுந்தது. பார்லிமெண்ட் தான் சிருஷ்டித்த மகத்தான நிதி ஸ்தாபனத்தின் மீது தானே விழிப்போடு கண் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஸ்தாபனம் தன்னாட்சி உடையது, ஆகையால் மந்திரியைக் கேட்காதீர்கள் என்ற வாசலை அந்த ஒரு வாதம் அடைத்துவிட்டது.

விளைவுகள் நாடறிந்தவை. பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா தனி நபர் கமிஷனாக அமர்ந்து, வந்த ஜனத்திரளுக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்துப் பகிரங்கமாக விசாரித்து, 1958 பிப்ரவரியில் அறிக்கை தந்தார். கல்கத்தா மார்க்கெட்டைத் தாங்கவே பங்கு வாங்கப்பட்டது என்ற சமாதானம் அங்கே நிற்கவில்லை; நிதி இலாகாவின் காரியதரிசி செய்த காரியத்துக்கு மந்திரி பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்று சாக்ளா எழுதினார். அதே மாதம் டி.டி.கே. ராஜினாமாச் செய்தார். பின்னாளில் அவர் மறுபடி நிதி மந்திரியாகத் திரும்பியது அவருடைய திறமைக்குரிய மரியாதை என்றே கருதுகிறேன்.

ஆயினும் பெரோஸின் ஆட்டத்தில் நான் மிகவும் போற்றுவது அந்த டிசம்பர் தினத்து அடியை அன்று. பார்ப்பவர் இல்லாத கோதாவில் எவ்வளவு அழகான பிடி போட்டும் பயனில்லை என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். சபைக்குள் அங்கத்தினர் பேசினால் வழக்கில்லை. அதையே பத்திரிகை அச்சிட்டால் அவதூறு வழக்கு வரலாம் என்ற நிலை இருந்தது. சபை நடவடிக்கைகளை உண்மையாகவும் துவேஷமின்றியும் வெளியிடும் பத்திரிகைகளைக் காக்கும் மசோதாவைத் தனி அங்கத்தினராகக் கொண்டுவந்து, 1956-இல் சட்டமாக்கியவர் அவரே. முந்த்ரா விவாதத்தைப் பத்திரிகையில் படித்தவர்கள் அந்தச் சட்டத்தின் நிழலில் படித்தார்கள். 1960 செப்டம்பரில், நாற்பத்தெட்டு வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், அவர் காலமானார். நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தச் சட்டத்தை நீக்கியது அவர் மனைவி இந்திராவின் சர்க்கார். 1977-இல் புதிதாக வந்த சர்க்கார் அதை மீண்டும் உயிர்ப்பித்தது.