கோவூரின் சவாலும் அம்பாறை மாவுருண்டையும்

ஈழத்துப் பகுத்தறிவு எழுத்தில் ஆபிரகாம் தொமஸ் கோவூருக்குரிய இடம் யாது என்ற வினாவுக்கு, அவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் ஒரே விடையைத்தான் தந்து வந்திருக்கின்றனர்: பேயோட்டிகளையும் சாமியார்களையும் முறியடித்தவர். விடை தவறன்று, போதாதது. திருவல்லாவில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து 1959இல் ஓய்வுபெற்ற இவ்வாசிரியரை ஓர் எழுத்தாளராகவும் வைத்து மதிப்பிடுதல் வேண்டும் என்பது எமது கருத்து.

அவரது எழுத்தின் உயிர்நிலை 'வழக்கு'. ஒரு வீட்டின் மீது கல் விழுகிறது. பெட்டிக்குள் துணி தானே தீப்பற்றுகிறது. மந்திரவாதி வந்து போனபின் தொல்லை இரட்டிப்பாகிறது. கோவூர் வருகிறார், வீட்டாரைத் தனித்தனியே விசாரிக்கிறார், கல்லெறிந்த கையைக் கண்டுபிடிக்கிறார். வாய்விட்டுச் சொல்ல முடியாத மனத்துயர் கொண்ட ஒருவரின் கையாக அது இருக்கும் வழக்குகளே அவர் எழுத்தில் சிறந்தவை. அங்கே பேய் மறைகிறது, மனிதர் தெரிகிறார். ஏனையவற்றில் துப்பறியும் கதையின் விறுவிறுப்புத்தான் மிஞ்சுகிறது. 1963இல் அவர் விடுத்த இலட்ச ரூபாய்ச் சவாலும் இதே வார்ப்பில் அமைந்ததே. முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைச் சொல்லுங்கள், பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். 1978இல் அவர் மறையும்வரை எவரும் வென்றிலர்.

கோடாங்கியின் உடுக்கை ஒலி இன்னும் கேட்கும் கொட்டகலைத் தோட்டங்களில், இந்நூல்களை நாம் மாணவர் கையில் கொடுக்கத் தயங்குவதில்லை. எனினும் இவற்றின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோவூரின் உலகில் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவரை மேடைக்கு அழைக்கலாம், சோதிக்கலாம். சொந்தக்காரரே இல்லாத பொய்யை எந்த மேடைக்கு அழைப்பது?

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறியில் ஓர் உருண்டை காணப்பட்டது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றனர். கூட்டம் சூழ்ந்து மிரட்டிக் கேட்டது. சிங்களம் சரிவரத் தெரியாத அம்மனிதர் ஏதோ ஆமென்பது போலச் சொன்னார். அது படம்பிடிக்கப்பட்டு முகநூலில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் திகன எரிந்தபோது, அங்கு வேறு காரணம் முன்னின்றாலும், அந்த வதந்தியும் எண்ணெயாய் உடனிருந்தது. மார்ச் 6இல் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் முடிவோ, அது வெறும் மாவுக்கட்டி என்பது. நிரந்தர மலட்டுத்தன்மை தரும் மாத்திரை எதுவும் மருத்துவம் அறிந்ததில்லை.

சோதனை நடந்தது, உண்மை வென்றது, ஆனால் 2019 மே மாதத்தில் அதே பொய் குருநாகலில் வைத்தியர் ஒருவரைச் சுற்றி மீண்டும் எழுந்தது. இம்முறை 4,000 தாய்மார் என்ற எண்ணோடு ஒரு நாளிதழின் முதற்பக்கத்திலேயே வந்தது. படித்தவர்கள்தாம் அதை வாசித்தார்கள். கல்வி பெருகினால் வதந்தி தேயும் என்ற எமது ஆசிரியர் சமூகத்தின் இனிய நம்பிக்கையை இது சற்றே அசைக்கிறது.

அம்பாறையில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டிய முதற்பொருள் உருண்டையன்று, அந்த 'ஆம்'. யார் கேட்டார், எந்த மொழியில், எத்தனை பேர் சூழ நின்றனர்? மலையகத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொலிஸ் நிலையத்தில் வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தின் அடியில் கையொப்பமிட்ட தந்தையரின் பிள்ளைகள்தாம் எமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். கோவூர் வீட்டாரைத் தனித்தனியே, அச்சமின்றிப் பேசும்படி விசாரித்தாரே, அவருடைய இலட்ச ரூபாயைக் காட்டிலும் அந்த விசாரணை முறையே எமக்குப் பெரும் சொத்தெனத் தோன்றுகிறது. அவருடைய வாசகர்களோ இலட்ச ரூபாயைத்தான் நினைவில் வைத்திருக்கின்றனர்.

இன்னொன்று. மலடாக்கும் சதி என்ற சொல்லைக் கேட்டவுடன் நகைக்கும் பகுத்தறிவாளர் லயங்களுக்கு வரும்போது சற்று நிதானிக்க வேண்டும். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்த காலம் இந்நாட்டில் இருந்தது. ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப் பெண்களிடையே அச்சிகிச்சை மிகுதியாக நடந்திருப்பது அரசின் கணக்கெடுப்புகளிலேயே உள்ளது. வறுமையில் வாழ்ந்த பெண்ணுக்குப் பணத்தைக் காட்டிப் பெற்ற சம்மதம் எத்தகைய சம்மதம்? அதுவும் ஒருவகை 'ஆம்'. இங்கே இரகசிய மாத்திரை இல்லை. படிவமும் பற்றுச்சீட்டும் உண்டு. அம்பாறைக் கதையை மறுக்கும் அதே மூச்சில் இந்தப் பெண்களின் முறைப்பாட்டையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர், கோவூரை வாசித்தும் அவரது விசாரணையைக் கற்றவரல்லர்.