கறியும் களஞ்சியமும்: கொச்சிக் கலைவிழாவின் இரு படைப்புகள்

அயலார் வணிகமும் ஆட்சியும் நம் உணவில் விளைத்த மாற்றங்களைக் கலை எவ்வாறு எடுத்துரைக்கிறது என்பதற்குக் கொச்சி-முசிரிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் இடம்பெற்ற இரு படைப்புகள் சான்றாகின்றன. அவற்றின் பெயர்களே இங்கு ஆய்வுக்குரியவை.

முதலாவது, விவான் சுந்தரம் 2012இல் அமைத்த 'கறுப்புப் பொன்'. பட்டணம் அகழாய்வில் கிடைத்த மட்பாண்ட ஓடுகளால் ஒரு நகரை உருவாக்கிய அவர், நீரும் மிளகும் அதனை மூழ்கடிப்பதை ஒளிக்காட்சியாகவும் காட்டினார். 1867இல் தோன்றிய ஆஸ்பின்வால் வணிக நிறுவனத்தின் வளாகமே காட்சியிடம். இப்பொருத்தம் படைப்புக்கு வலிமை சேர்க்கிறது. எனினும் தலைப்பு வணிகரின் வழக்கு. அகநானூற்றின் 149ஆம் பாடலில் யவனர் தருவது பொன். பெறுவது கறி, அதாவது மிளகு. புலவர் வேறாக வைத்த இரண்டையும் தலைப்பு ஒன்றாக்கிவிடுகிறது. மிளகு வாங்குவோனின் விலையாக மட்டும் நிற்கிறது. உண்போனின் சுவையாக எங்கும் தோன்றவில்லை. இதனை இப்படைப்பின் குறையென்றே கொள்ளவேண்டும்.

மொழியோ இவ்வரலாற்றை வேறு விதமாகப் பதிந்து வைத்துள்ளது. போர்த்துக்கீசியர் வழி வந்த அமெரிக்கக் காய்க்குத் தமிழர் மிளகைக் கொண்டே 'மிளகாய்' எனப் பெயரிட்டனர். மலையாளத்தில் 'முளகு' இன்று பெரிதும் மிளகாயையே குறிப்பதால், மண்ணுக்குரிய பொருள் 'குருமுளகு', 'நல்லமுளகு' என அடைமொழி பெற்றது. வந்தது இயல்பான பெயரைப் பெற, இருந்தது அடைமொழி சுமக்கிறது. 'நாட்டு' என்னும் நம் அடைமொழியும் இத்தகையதே. சீமைச் சரக்கு வராத காலத்தில் நாட்டுச் சர்க்கரை ஏது? (அமெரிக்காவிலிருந்து வந்த தக்காளியும் இன்று 'நாட்டுத் தக்காளி' ஆகிவிட்டது!)

இரண்டாவது படைப்பு, 2018இல் அனுமித்ரா கோஷ் தஸ்திதார் பிற சமையற் கலைஞருடன் நடத்தியது. பல பகுதிகளின் மரபு நெல்வகைகளைச் சமைத்துப் பார்வையாளரை உண்ணச் செய்த இம்முயற்சி, முன்னதினும் ஆழமானது என்பது நம் கருத்து. இங்கு அரிசி காட்சிப்பொருள் அன்று. ஒவ்வொன்றும் தன் பெயரோடும் வேகும் பக்குவத்தோடும் இலைக்கு வருகிறது. இவ்வகைப் பெயர்களை மொழிபெயர்ப்பாளர் மாற்றலாகாது. இடக்கொச்சியை அடுத்த கும்பளங்கி, செல்லானம் பகுதிகளில் உவர்நீர் வயல்களில் விளையும் பொக்காளியை 'உவர்நில நெல்' என்றெழுதினால் பண்பு மட்டும் எஞ்சும். அறுவடைக்குப்பின் அதே வயலில் இறால் வளர்க்கும் வாழ்முறை மறையும். ஆங்கிலத்தின் 'இண்டிஜினஸ்' என்பதைப் 'பழங்குடி' எனப் பெயர்ப்பதும் இங்குப் பொருந்தாது. 'மரபு' என்பதே ஏற்புடையது.

அப்படைப்பின் ஆங்கிலப் பெயர் 'எடிபிள் ஆர்க்கைவ்ஸ்'. 'உண்ணத்தகு ஆவணக்காப்பகம்' என்றால் சொல்லுக்குச் சொல் சரியே. ஆனால் அலுவலக வாடை வீசும். நெல் சேர்க்குமிடத்தையும் அறிவுத் தொகுப்பையும் ஒருசேரக் குறிக்கும் 'களஞ்சியம்' நம்மிடம் இருக்கிறது.