அக்கறையின்மையா, அச்சமா?

உள்ளாட்சித் தேர்தல் முடிந்த மறுநாள் நம் ஏடுகளில் ஒரு புலம்பல் தவறாமல் இடம்பெறும்: மக்களுக்கு அக்கறை இல்லை என்பதே அது. 2022 பிப்ரவரி 19ஆம் நாள் தமிழக நகர்ப்புறங்களில் வாக்குப்பதிவு நடந்தபோது ஏறத்தாழ நூற்றுக்கு 60 பேரே வாக்களித்தனர். சென்னை மாநகரில் 44 விழுக்காடும் தேறவில்லை. எனவே புலம்பலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் ‘அக்கறையின்மை’ என்பது நோயின் பெயரா, நோயை மூடும் போர்வையா என்று நாம் கேட்க விரும்புகின்றோம்.

இக்கேள்விக்கு விடை தேட, நம் சமுதாயத்தில் பிறந்த ஒரு நாவல் துணை செய்கிறது. மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. மன்னராட்சிக் காலத்துத் திருவிதாங்கூர்ச் சிற்றூர் ஒன்றே அதன் களம். அங்கே வடக்கு வீட்டு அகமதுகண்ணு முதலாளியின் சொல்லே சட்டம். ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதையும் அந்த வீட்டு அதிகாரம் எதிர்த்து நிற்கிறது. அவ்வூரார் அக்கறையற்றவர்களா? இல்லை. அநீதி இது என்று அறிந்தே இருக்கின்றனர். முதலாளியின் முன்னிலையில் மட்டும் வாய் அடைத்துப்போகிறது. அறியாமைக்கும் வாய்மூடலுக்கும் உள்ள வேற்றுமையை இத்துணைத் தெளிவாகக் காட்டிய தமிழ் நாவல்கள் சிலவே.

எனினும் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். முதலாளிக்குப் பணியாத சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது தனியராகவே நிற்கிறார். அவருடைய துணிவு ஒரு மனிதரின் சுபாவமாக நின்றுவிடுகிறது. ஓர் ஊர் எவ்வாறு துணிவு கொள்ளும் என்ற வினாவை நாவல் நமக்கே விட்டுச் செல்கிறது.

மன்னராட்சி போயிற்று, வாக்குச்சீட்டு வந்தது. அச்சம் போயிற்றா? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபின், 1996 முதல் 2006 வரை பத்தாண்டுக் காலம் முறையான தலைவர் பதவியில் அமர முடியவில்லை. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் வேறு ஐவரும் 1997 ஜூன் 30ஆம் நாள் படுகொலை செய்யப்பட்டனர். இவற்றைக் கண்ட ஏழை, தேர்தல் நாளில் கதவைச் சாத்திக்கொண்டால் அதற்கு அக்கறையின்மை என்று பெயரிடுவது அநியாயமாகும்.

அத்தகைய கொடுமை இல்லாத ஊர்களிலும் சிறிய அச்சங்கள் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கு நம் முகம் தெரியாது. வார்டு உறுப்பினருக்கோ நம் குழாய், நம் வீட்டு வரி, நம் மகனின் வேலை யாவும் தெரியும். அண்மையில் இருக்கும் அதிகாரமே அதிகமாக அஞ்சப்படுகிறது. வாக்குச்சீட்டுகளைப் பல சாவடிகளிலிருந்தும் சேர்த்துக் கலந்து எண்ணும் முறை முன்பு இருந்தது. இன்று இயந்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணுகையில், எந்தத் தெரு எவர் பக்கம் சாய்ந்தது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. சேர்த்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. இதனோடு, 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நின்றுபோய், நகராட்சிகள் ஐந்தாண்டுகளுக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் தனி அலுவலர்களின் கையில் இருந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்பாரற்ற பழக்கத்தை அரசே கற்பித்துவிட்டு, மக்கள் கேட்பதில்லை என்று குறைகூறுவது முறையா?

இங்கே பழனி மலையின் செண்பகனூர் நம் நினைவுக்கு வருகிறது. 1895இல் தொடங்கிய இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி அங்கே உள்ளது. சபையாரின் பழைய கடிதங்களையும் ஏடுகளையும் பேணும் காப்பகமும் அங்கே உண்டு. எழுதியவர்களின் சொல் காக்கப்பட்டிருக்கிறது. சொல்லாமல் விழுங்கியவர்களின் சொல்லுக்கு எந்தக் காப்பகமும் இல்லை.

அதே மலைச்சாலையில் மூஞ்சிக்கல் உள்ளது. கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு அங்குள்ள பழைய பொருள் கிடங்கில் கிடந்ததை, 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் சேர்ந்து வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் நீதிமன்றம் சென்று, நெடுநாள் போராடி, 2016இல் 591 பேருக்கு உரிய உடன்பாட்டைப் பெற்றனர். ஒரு தொழிலாளி தனியாகச் சொல்லியிருந்தால் அவர் இன்னொரு மஹ்மூதாக நின்றிருப்பார். நாவல் விட்டுச் சென்ற வினாவுக்கு இம்மலை தந்த விடை இதுவே: துணிவு தனிமனிதரின் சுபாவம் மட்டுமன்று, சேர்க்கையால் விளைவதும் ஆகும்.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். சில மஹல்லாக்களில் தேர்தலுக்கு முன்பே ‘ஜமாஅத் முடிவு’ என்று ஒன்று வந்துவிடுகிறது. மாற்றுக் கருத்துடையவர் ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவர் ஆகிறார். இதுவும் ஒரு வடக்கு வீடே அல்லவா? மஹருக்கு வரம்பு கட்ட முனைந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களை ஒரு பெண்மணி சபையிலேயே மறுத்துரைத்ததையும், கலீஃபா தம் கருத்தைத் திரும்பப் பெற்றதையும் நம் மேடைகளில் ஓயாது பேசுகின்றோம். அந்த மேடைகளின் எதிரே நம் பெண்களில் எத்தனை பேர் எழுந்து ஒரு கேள்வி கேட்டிருக்கின்றனர்?

சாட்சியத்தை மறைப்பதைத் திருமறை பாவமெனக் கூறுகிறது. வாக்கும் ஒரு சாட்சியமே என உலமாக்கள் பலர் விளக்கியுள்ளனர். அவ்வாறாயின் சாட்சிக்குப் பாதுகாப்பு அளிப்பதும் கடமையன்றோ? எவருக்கு வாக்களிப்பது என்று ஜமாஅத் முடிவு செய்ய வேண்டியதில்லை. வேட்பாளர்கள் அனைவரையும் ஒரே மேடையில் அமர்த்தி, குடிநீரையும் சாக்கடையையும் குப்பையையும் பற்றி எளியவர் எழுந்து கேட்கத் துணை நின்றால் போதும். கேட்டவரை மறுநாள் எவரும் தனியராக்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அச்சம் நீங்கிய இடத்தில் அக்கறை தானே வரும் என்பதே நம் நம்பிக்கை. அதுவரை, வராத வாக்காளரைக் குறைகூறுமுன், அவர் வாயை அடைத்த கைகளில் நம் கையும் ஒன்றா என்று பார்த்துக்கொள்வோமாக.